பிக்கோலிஸ்ப் மதிப்புரை: அரே இல்லாமல் தேயிலைக் கணக்கு எழுத முடியுமா?

பிக்கோலிஸ்ப் என்ற நிரல் மொழியைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "அதில் அரே கிடையாதாமே?" என்பதுதான். ஆமாம், மதிப்புகளை எண் போட்டு நெருக்கமாக அடுக்கும் அந்த அமைப்பு கிடையாது. எண், சிம்பல், லிஸ்ட் என்று மூன்றே மூன்று வகை. தசமப் புள்ளி எண்ணும் கிடையாது, எல்லாம் முழு எண். கம்பைலர் இல்லை, நிரலை அப்படியே எடுத்து ஓட்டும். ஜெர்மனியைச் சேர்ந்த அலெக்சாண்டர் பர்கர் 1980-களின் கடைசியில் தொடங்கி இன்றுவரை கட்டிக் காத்துவரும், லிஸ்ப் குடும்பத்து மொழி இது. இலவசம், எம்ஐடி உரிமம்.

இங்கே இதை இரண்டு வேலைகளுக்கு வைத்துப் பார்க்கிறோம். ஒன்று, கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கத்துப் பசுந்தேயிலை கொள்முதல் மையத்தின் எடைக் கணக்கு. இன்னொன்று, தோட்டத்தில் வைக்கும் வானிலைப் பெட்டியின் பதிவு. முதல் வேலைக்கு அரே இல்லாதது குறையே இல்லை, சொல்லப்போனால் லாபம். இரண்டாவதில் பாதி வேலை தாங்கும், மீதிப் பாதிக்கு வேறு வழி பார்க்க வேண்டும். எந்தப் பாதி, ஏன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு பழைய வாதத்தை ஒதுக்கிவிடலாம். "உண்மையான லிஸ்ப்பில் லிஸ்ட் மட்டும்தான் இருந்தது, அரே பிற்காலச் சேர்க்கை" என்று சிலர் சொல்வார்கள். 1962-இல் வந்த லிஸ்ப் 1.5 கையேட்டிலேயே அரே உண்டு. ஸ்கீம் என்ற இன்னொரு லிஸ்ப் வகை மொழியின் 2013 தரவரையறை, சின்ன மொழியாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கியது. அதிலும் அரே வகைகளான வெக்டரும் பைட்வெக்டரும் இருக்கின்றன. ஜேனட் என்ற மொழி இன்னும் ஒரு படி தாண்டி, அரேயையும் டேபிளையும் வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று கோர்த்த லிங்க்ட் லிஸ்ட்டையே கழற்றிவிட்டது. ஆகவே பரம்பரையைக் காட்டி பிக்கோலிஸ்ப்பை நியாயப்படுத்த முடியாது. வேலையைக் காட்டித்தான் நியாயப்படுத்த வேண்டும்.

பிக்கோலிஸ்ப்பில் எல்லாமே செல்தான். ஒரு செல் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கணினிச் சொல் (வேர்ட்) அளவு இடம். 64-பிட் கணினியில் 16 பைட். முன் பாதி கார், பின் பாதி கடர். லிஸ்ட் என்றால் கார் பாதியில் மதிப்பு, கடர் பாதியில் அடுத்த செல்லின் முகவரி. சின்ன எண்களுக்குத் தனி இடம் பிடிப்பதில்லை. முகவரி இருக்க வேண்டிய 64 பிட்டிலேயே வகையைக் காட்டும் குறியும் கூட்டல் கழித்தல் அடையாளமுமாக 4 பிட் போக, மிச்சம் 60 பிட்டில் எண் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் எண்களின் லிஸ்ட்டில் ஓர் உறுப்புக்கு 16 பைட், அவ்வளவுதான். இந்த 16-ஐயும் 60-ஐயும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் கைக்கு அடங்கும்.

எடைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு மையத்தில் 300 சிறு விவசாயிகள், மாதம் 31 நாள். அரே பழக்கத்தில் வந்தவர் கை தானாக 300-க்கு 31 என்று கட்டம் போடும். 9,300 கட்டம், கட்டத்துக்கு 4 பைட், ஆக 37,200 பைட். ஆனால் சிறு விவசாயி தினமும் இலை கொண்டுவருவதில்லை. ஒருமுறை பறித்த செடியில் மறுபடி கொழுந்து வர 10, 15 நாள் ஆகும். அப்படியென்றால் மாதத்துக்கு ஆளுக்கு 2, 3 முறை. மூன்று என்றே வைத்தாலும் 900 பதிவு. பதிவுக்குத் தேதியும் எடையும் சேர்ந்த ஒரு செல், அதைக் கோர்க்க ஒரு செல், இரண்டுமாக 32 பைட். மொத்தம் 28,800 பைட். வீண் என்று பெயரெடுத்த லிங்க்ட் லிஸ்ட், நெருக்கி அடுக்கிய அரேயைவிடக் குறைந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. ஒருவர் சராசரியாக மாதம் 4 முறை இலை போட ஆரம்பித்தால் இந்தக் கணக்கு புரண்டுவிடும் என்பதும் உண்மை. ஆனால் இரண்டு பக்கமும் சில பத்து கிலோபைட்தான், அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இடத்தைவிட முக்கியமானது கேள்வியின் வடிவம். மாதக் கடைசியில் பில் போடும்போது, "இந்த விவசாயி கொண்டுவந்த இலை எல்லாம் எவ்வளவு" என்றுதான் கேட்கிறோம். முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவுவரை ஒரு நடை. "17-ஆம் தேதிக் கட்டத்தில் என்ன" என்று தனியாகக் கேட்பது தகராறு வந்தால் மட்டும். அப்போதும் மூன்று பதிவில் தேடுவது ஒரு தேடலா? ஈர இலைக்கும் சாக்குக்கும் கழிவு போட வேண்டுமென்றால் பதிவின் நுனியில் இன்னொரு செல்லை ஒட்டினால் போதும். அரேயாக இருந்தால் கட்டத்தின் அமைப்பையே மாற்ற வேண்டும்.

தசமம் இல்லாதது இங்கே வரப்பிரசாதம். எடையைக் கிராமில், விலையைப் பைசாவில் முழு எண்ணாக வைக்க வேண்டும். 18.750 கிலோ, கிலோ 21.50 ரூபாய் என்றால் 18750-ஐ 2150-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். பெருக்கி வகுப்பதற்கென்றே ஒரே செயலி (ஃபங்ஷன்) இருக்கிறது. பெயரே பெருக்கல் குறியும் வகுத்தல் குறியும் ஒட்டியதுதான். அது சரியாக ரவுண்டு செய்து 40313 பைசா, அதாவது 403.13 ரூபாய் தரும். வெறும் பெருக்கல், வெறும் வகுத்தல் என்று இரண்டு படியாகச் செய்தால் அரைப் பைசா வெட்டுப்பட்டு 403.12 என்று வரும். 300 பேர் பில்லில் இது சேர்ந்தால் தொழிற்சாலைக் கணக்கோடு ஒட்டாது.

சரி, எண் சொல்லி எடுத்தே ஆக வேண்டிய இடங்களும் இருக்கின்றனவே. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. விபத்துச் செய்தியும் வளைவின் எண்ணோடுதான் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலின் நிலையங்கள் அப்படியில்லை. கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வரிசையாகத்தான் போகும். ஐந்தாவது நிலையம் எது என்று யாரும் கேட்பதில்லை. இரண்டாவது தரவு லிஸ்ட்டுக்கென்றே பிறந்தது. முதலாவது அரே கேட்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் 36 செல்லில் கடைசி வளைவுக்குப் போக 35 தாவல்தான். லிஸ்ட்டில் அந்த இடம்வரை நடந்து போகும் என்த் செயலியே போதும். இதில் அரே வேண்டும் என்பவர் எண்ணைப் பார்த்து மயங்குகிறார், அளவைப் பார்ப்பதில்லை.

அளவு பெரிதானால்தான் வம்பு. 1,440 உறுப்புள்ள லிஸ்ட்டை 1 முதல் 1,440 வரை எண் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்தால், முதலுக்கு 1 செல், இரண்டாவதற்கு 2 என்று ஏறி, மொத்தம் 10,37,520 செல் தொட வேண்டும். 10,000 உறுப்பென்றால் 5 கோடியைத் தாண்டும். சி அல்லது பைத்தான் பழகிய கை எழுதும் ஃபார் சுழற்சி இப்படித்தான் வந்து நிற்கும். பிறகு "பிக்கோலிஸ்ப் மெதுவாக ஓடுகிறது" என்று குறை வேறு. குறை மொழியிடம் இல்லை. அதே ஃபார் செயலிக்கு லிஸ்ட்டை நேராகக் கொடுத்தால் ஒவ்வொரு உறுப்பாகக் கையில் தரும். எண்ணும் வேண்டுமென்றால், மாறியின் இடத்தில் எண்ணுக்கு ஒன்று, மதிப்புக்கு ஒன்று என்று புள்ளியிட்ட இணையாக எழுதினால் இரண்டும் சேர்ந்தே வரும். கடைசிப் பத்து நிமிடச் சராசரி மாதிரி வேலைக்கு, ஒரே லிஸ்ட்டில் இரண்டு மாறிகளை நடக்கவிட வேண்டும். ஒன்று பத்து செல் முன்னால், ஒன்று பின்னால். ஒவ்வோர் அடிக்கும் முன்னவன் காட்டுவதைக் கூட்டி, பின்னவன் காட்டுவதைக் கழித்தால் முடிந்தது. எண் எங்கேயும் வராது.

முன்பின் இல்லாமல் எண் சொல்லித்தான் எடுக்க வேண்டும் என்ற நிலைக்கு எனம் என்ற செயலி இருக்கிறது. இந்த மொழியின் நல்ல பகுதிகளில் இது ஒன்று, ஆனால் பலர் கண்ணில் படுவதில்லை. மாறி ஒன்றும் எண் ஒன்றும் கொடுத்தால், அந்த எண்ணுக்குரிய இடத்தை ஒரு பைனரி மரத்தில், அதாவது கணுவுக்கு இரண்டு கிளையாகப் பிரியும் அமைப்பில், கண்டுபிடித்துத் தரும். இல்லையென்றால் உண்டாக்கித் தரும். எண்ணின் பிட்டுகளே வழி காட்டுவதால், எந்த வரிசையில் போட்டாலும் மரம் ஒரே வடிவில் சமச்சீராக வளரும். 1,440 உறுப்புக்கு அதிகபட்சம் 11 படி. உறுப்பினர் எண் 2174 என்றால் 12 படி. 2174-க்குக் கீழே இருக்கும் அத்தனை எண்ணுக்கும் இடம் ஒதுக்காது, வழியில் வரும் கணுக்களை மட்டும் உண்டாக்கும். பழைய உறுப்பினர்கள் விலகி, எண்கள் விட்டுவிட்டு இருக்கும் பாஸ்புக் பதிவேட்டுக்கு இது கச்சிதம். இரண்டாவது எண்ணும் கொடுத்தால் மரத்துக்குள் மரமாக இரட்டைப் பரிமாண அரே போல நடந்துகொள்ளும். விலை என்னவென்றால் ஒரு கணுவுக்கு இரண்டு செல், 32 பைட் வரை.

எனம் இருக்க, ஐடிஎக்ஸ் செயலியை இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. அதுவும் பைனரி மரம்தான், ஆனால் சாவியை ஒப்பிட்டு வைக்கும், தானாகச் சமன் செய்யாது. தேதி, நேரம், டோக்கன் எண் போல ஏறுவரிசையில் வரும் சாவியைப் போட்டால், எல்லாம் வலக்கிளையிலேயே தொங்கி, மரம் என்ற பெயரில் ஒரு நீள லிஸ்ட்தான் மிஞ்சும். பேலன்ஸ் செயலியால் சரிசெய்யலாம். ஆனால் எப்போது செய்வது என்ற தலைவலி கூடவே வரும்.

இனி கைக்கடி விஷயங்கள். அரே இல்லாததால் வருகிற பிழைகள் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் லிஸ்ட்டைப் பகிர்வதால் வருகிறவை.

இதில் மோசமானது மேற்கோள் லிஸ்ட், அதாவது முன்னால் மேற்கோள் குறி போட்டு நிரலிலேயே நேராக எழுதும் லிஸ்ட். மாதத் தொகைக்கென்று ஒரு செயலிக்குள், மேற்கோள் போட்டு மூன்று பூஜ்யம் உள்ள லிஸ்ட்டை எழுதி, அதிலேயே கூட்டிக்கொண்டு போகிறோம் என்று வையுங்கள். முதல் விவசாயிக்கு 142 கிலோ, சரியாக வரும். இரண்டாமவர் போட்டது 96 கிலோ, திரையில் 238 என்று நிற்கும். காரணம், பிக்கோலிஸ்ப்பில் நிரலும் லிஸ்ட், தரவும் லிஸ்ட். மேற்கோளுக்குள் எழுதிய அந்தப் பூஜ்யங்கள் நிரலின் உடம்பிலேயே இருக்கும் செல்கள். அவற்றில் கூட்டினால் நிரலே மாறிவிடும். அடுத்த முறை அழைக்கும்போது பூஜ்யத்தில் தொடங்காது, 142-இல் தொடங்கும். நிரலை மூடித் திறந்தால் சரியாகிவிடுவதால் பிழையைப் பிடிப்பதும் கஷ்டம். தீர்வு எளிது. நீட் செயலியிடம் எத்தனை உறுப்பு, என்ன மதிப்பு என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் புது லிஸ்ட் தரும். மாறப்போகிற எந்த லிஸ்ட்டையும் மேற்கோளில் எழுதாதீர்கள்.

நீட்டிலும் ஒரு பொறி உண்டு. 24 மணிக்கு 60 நிமிடம் என்று கட்டம் வேண்டி, நிரப்பும் மதிப்பாக ஒரு லிஸ்ட்டையே கொடுத்தால், 24 இடத்திலும் அதே ஒரு லிஸ்ட்தான் தொங்கும். காலை 6 மணிக் கட்டத்தில் எழுதியது மாலை 6 மணியிலும் தெரியும். லிஸ்ட்டைக் கட்டித் தரும் மேக் செயலிக்குள் 24 முறை சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நீட் போட்டு, லிங்க் செயலியால் வாலில் சேர்க்க வேண்டும்.

வாலில் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். க்யூ செயலி ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து வால்வரை நடந்துதான் ஒட்டும். 1,440 முறை ஒட்டினால் மறுபடியும் அந்தப் பத்து லட்சக் கணக்குதான். மேக், லிங்க் ஜோடி வாலை நினைவில் வைத்திருப்பதால் ஒரே அடியில் ஒட்டும். முன்னால் புஷ் செய்துகொண்டே போய்க் கடைசியில் ஃபிளிப் போட்டுத் திருப்புவதும் பழைய நல்ல வழி. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வரிசை வேண்டுமானால் ஃபைஃபோ இருக்கிறது. அது லிஸ்ட்டை வட்டமாகக் கட்டி, மாறியில் கடைசிச் செல்லைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டு முனையும் கையெட்டும் தூரம். இலை மூட்டைகள் தராசுக்குக் காத்திருக்கும் வரிசைக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

வரிசைப்படுத்த அரே வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கை. சார்ட் செயலி லிஸ்ட்டையே மெர்ஜ் முறையில் அடுக்கும், வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் இருக்கும் செல்களையே மாற்றிக் கோர்ப்பதால், பழைய மாறி இப்போது லிஸ்ட்டின் நடுவில் எங்கோ நிற்கும். 300 பேர் பட்டியலைச் சார்ட் செய்தபின் 41 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மீதிப் பேர் தொலைந்துவிடவில்லை. விடையைத் திரும்ப மாறியில் போட மறந்திருக்கிறீர்கள்.

எல்லை தாண்டினால் எச்சரிக்கை வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். 31 உறுப்பில் 40-ஆவதைக் கேட்டால் என்ஐஎல் (ஒன்றுமில்லை) என்று பதில் வரும், பிழை வராது. பிக்கோலிஸ்ப்பில் என்ஐஎல்லோடு எதைக் கூட்டினாலும் விடை என்ஐஎல். கூட்டல் பாதியில் எங்கேயாவது அது நுழைந்தால் மொத்தத் தொகையே காணாமல் போகும். முறையான அரே உள்ள மொழி இந்த இடத்தில் கத்தியிருக்கும். இது உண்மையான குறைதான்.

இப்போது வானிலைப் பெட்டி. நீலகிரியில் மழையையும் வெப்பநிலையையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. மழை விட்டு விட்டு வரும், வெப்பநிலை விடாமல் வரும். அரே வேண்டுமா வேண்டாமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

சாய்வாளி மழைமானி ஒவ்வொரு 0.2 மில்லிமீட்டருக்கும் ஒருமுறை சாயும் என்று கொள்வோம். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அது 4,100 சாய்வு. ஒவ்வொரு சாய்வின் நேரத்தையும் லிஸ்ட்டில் போட்டால் 65,600 பைட். மலையே சரிந்த நாளுக்கு இவ்வளவுதான். மழையில்லாத நாளில் பூஜ்யம் பைட். நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று அரே போட்டால் வெயில் நாளிலும் 1,440 கட்டம் காலியாகக் கிடக்கும். ஆக, மழைக்கு லிஸ்ட்.

வெப்பநிலை வேறு. நிமிடத்துக்கு ஒரு மதிப்பு என்றால் ஆண்டுக்கு 5,25,600 மதிப்பு, ஒன்றுகூட விட முடியாது. 2 பைட்டாக அடுக்கினால் 10,51,200 பைட். லிஸ்ட்டில் 84,09,600 பைட், சரியாக எட்டு மடங்கு. ஒரு பெட்டி, ஓர் ஆண்டு என்றால் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் பலகை இதைக் கண்டுகொள்ளாது. பத்துப் பெட்டி, பத்தாண்டு என்று போனால் அரே 10.5 கோடி பைட்டில் நிற்கும். லிஸ்ட்டோ 84 கோடியைத் தொடும், 1 ஜிபி பலகையில் மூச்சுத் திணறும். இடம் மட்டும் பிரச்சினை இல்லை. பிராசசர் மெமரியிலிருந்து ஒரு தடவைக்கு 64 பைட்டாக அள்ளும் என்று வைத்தால், அரேயில் அந்த ஒரு அள்ளலுக்கு 32 மதிப்பு வரும், லிஸ்ட்டில் 4. அந்த நான்கும் பக்கத்தில் இருந்தால்தான். பயன்படாத செல்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பிக்கோலிஸ்ப்பின் குப்பை அகற்றி, செல்களை இடம் மாற்றாது, நிரல் நாள்கணக்கில் ஓடினால் லிஸ்ட்டின் செல்கள் மெமரி முழுக்கச் சிதறிக் கிடக்கும். தவிர, ஒவ்வொரு குப்பை அகற்றலிலும் அந்த 5 கோடிச் செல்லையும் தொட்டுக் குறியிட வேண்டும். அரேயாக இருந்தால் அதற்குள் போக வேண்டிய வேலையே இல்லை.

கவனித்தீர்களென்றால், இங்கே உதைப்பது எண் சொல்லி எடுக்க முடியாதது அல்ல. அதற்குத்தான் எனம் இருக்கிறதே. நெருக்கி அடுக்க முடியாததுதான் உதைக்கிறது. "அரே வேண்டுமா" என்று சண்டை போடுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். எண் வழித் தேடலைச் செல்லை வைத்தே கட்டலாம். நெருக்கத்தைச் செல்லை வைத்துக் கட்ட முடியாது, ஏனென்றால் செல் என்பதே பாதி இடத்தை முகவரிக்குக் கொடுக்கும் அமைப்பு.

அப்படியும் ஓரளவு நெருக்கலாம். முன்பு சொன்ன 60 பிட் நினைவிருக்கிறதா? வெப்பநிலையோடு 10 டிகிரி கூட்டிப் பத்தால் பெருக்கினால், உறைபனி இரவின் மைனஸும் சேர்ந்து, இங்குள்ள எந்த மதிப்பும் 0-க்கும் 1023-க்கும் நடுவில் அடங்கும். அதற்கு 10 பிட் போதும். 60 பிட்டில் ஆறு மதிப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவு என்றால் ஒரு மணி நேரம் ஒரே செல்லில், ஒரு நாள் 24 செல்லில் முடிந்தது. பதிவுக்கு 2.67 பைட், கிட்டத்தட்ட அரே கணக்கு. எழுதும்போது பிட் நகர்த்தியில் கழித்தல் எண் கொடுத்தால் இடப்பக்கம் தள்ளும், கூட்டல் எண் கொடுத்தால் வலப்பக்கம். எடுக்கும்போது வலப்பக்கம் தள்ளி 1023-ஓடு பிட் வழி 'அண்ட்' போட வேண்டும். ஏழாவது மதிப்பையும் திணிக்க ஆசைப்படக் கூடாது. 60 பிட்டைத் தாண்டிய உடனே அது பெரிய எண்ணாகி, உள்ளுக்குள் செல் சங்கிலியாகிவிடும். சேமித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். ஒரு மாதத்தையே ஒரு ராட்சத எண்ணில் அடைக்கலாமே என்ற யோசனையும் இதனால்தான் பலிக்காது. அதில் ஒரு மதிப்பை மாற்ற முழு எண்ணையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் நேட்டிவ் செயலி. சி நூலகத்தை நேராகக் கூப்பிடும். மெமரியைச் சி பக்கத்திலேயே ஒதுக்கி, முகவரியை மட்டும் லிஸ்ப் பக்கம் ஓர் எண்ணாக வைத்துக்கொண்டு, சராசரி, உச்சம் போன்றவற்றைச் சி-யில் கணக்கிட்டு விடையை மட்டும் வாங்கலாம். கேமரா படம், அலைவரிசைப் பகுப்பாய்வு எல்லாவற்றுக்கும் இதுவே ஒழுங்கான வழி. பத்து லட்சம் மதிப்பை லிஸ்ட்டாக்கி அனுப்பி, லிஸ்ட்டாகவே திரும்ப வாங்குவது மட்டும் வேண்டாம். அப்படிச் செய்தால் இரண்டு பக்கச் செலவையும் கட்ட வேண்டியிருக்கும். ஒதுக்கிய மெமரியை விடுவிப்பதும் உங்கள் பொறுப்பு, குப்பை அகற்றிக்கு அது கண்ணில் படாது.

ஒப்பிட்டுப் பார்க்க யூலிஸ்ப்பைச் சொல்லலாம். மைக்ரோகண்ட்ரோலர் பலகையிலேயே ஓடும் குட்டி லிஸ்ப், வானிலைப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். இதிலும் ஆரம்பத்தில் அரே இல்லை, பின்னால் சேர்த்தார்கள். எப்படிச் சேர்த்தார்கள் என்பதுதான் ருசிகரம்: செல்களாலான பைனரி மரமாக. தொடர்ச்சியான மெமரித் துண்டே தேவையில்லை, இருக்கும் குப்பை அகற்றியை மாற்ற வேண்டியதில்லை. கிட்டத்தட்ட எனம் போலத்தான். 32-பிட் பலகையில் செல்லுக்கு 8 பைட், எண் ஒவ்வொன்றும் தனிச் செல். லிஸ்ட்டில் ஓர் உறுப்புக்கு 16 பைட் ஆகிறது, அரேயில் போட்டாலும் ஏறக்குறைய அதே 16. ஆக அரே என்ற பெயரால் அங்கே கிடைப்பது எண் வழித் தேடல் மட்டும், நெருக்கம் இல்லை. பிட் அரே ஒன்றுதான் விதிவிலக்கு, அது ஓர் எண்ணுக்குள் பல பிட்டை அடைக்கும். "இந்த நிமிடம் உறைநிலைக்குக் கீழே போனதா" என்ற ஆம், இல்லை பதிவுக்கு அருமையாகப் பொருந்தும். இதைப் பார்த்தபின், பிக்கோலிஸ்ப்பில் அரே என்ற பெயர் இல்லாததைப் பெரிய குறையாகப் பேசுவது சரியாகப் படவில்லை.

கட்டமாகத் தோட்டத்தை வரைய விரும்புவோருக்கு கிரிட் செயலி இருக்கிறது, சிமுல் நூலகத்தில். ஒவ்வொரு கட்டமும் ஒரு சிம்பல், நான்கு திசையிலும் அண்டைக் கட்டத்தைக் கேட்டால் தரும். தேயிலைக் கொப்புள நோய் செடிக்குச் செடி பரவுவதை மாதிரி ஓட்டிப் பார்க்க 50-க்கு 50 கட்டம் தாராளம். ஆயிரத்துக்கு ஆயிரம் போட்டால் மெமரி கரையும்.

நிரந்தரச் சேமிப்பு மொழிக்குள்ளேயே இருக்கிறது, தனி டேட்டாபேஸ் நிறுவ வேண்டாம். உறுப்பினர் எண்ணைச் சாவியாக அறிவித்தால் வேகமாகத் தேட உதவும் பி-ட்ரீ குறியீட்டைத் தானே கட்டிக்கொள்ளும். எடைக் கணக்கை இப்படி எழுதினால் எனம்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. ஒவ்வொரு மூட்டையின் எடைக்கும் உடனே கமிட் செய்துவிட வேண்டும், அதாவது நிலையாக எழுதிவிட வேண்டும், மாலையில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் கமிட் ஆகாதது போனதுதான்.

நிறுவுவது சுலபம். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸில் ஆப்ட் வழியே ஒரே கட்டளை. போனில் டெர்மக்ஸ் இருந்தால் அதிலும் தொகுப்பு உண்டு. இப்போதைய பதிப்பு 64-பிட்டில் மட்டுமே ஓடும். ராஸ்பெரி பையில் 32-பிட் ஓஎஸ் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஓட்டும்போது பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறி சேர்த்தால் பிழைதேடும் வசதிகளோடு திறக்கும். அதில் பெஞ்ச் செயலி ஒரு வரி எத்தனை நொடி எடுத்தது என்று சொல்லும். என்த் சுழற்சியையும் நேர் நடையையும் அடுத்தடுத்து ஓட்டினால் மேலே சொன்ன பத்து லட்சம் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆவணம் அகராதி போல எழுத்துவாரியாக இருக்கிறது, தெரிந்தவருக்கு வசதி. புதிதாக வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்று பிடிபடாது. பிழைச் செய்திகளும் ரொம்பச் சுருக்கம்தான்.

தமிழ்ப் பெயர்கள் உள்ளே போய்ப் பத்திரமாகத் திரும்பி வருகின்றன. பில்லில் நெடுவரிசை ஒதுக்கி அச்சடிக்கும்போதுதான் கோணலாகும். டேப் செயலி யூனிகோட் குறிகளை எண்ணி இடம் விடுகிறது. கோத்தகிரி என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஒன்பது. ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் கடைசி நெடுவரிசைக்குத் தள்ளி, எடையையும் தொகையையும் முன்னால் வைத்துவிட்டால் வரிசை ஒழுங்காக நிற்கும்.